நீண்ட பயணத்தில் ஸ்போர்ட்ஸ் காரின் முகப்பைக் காப்பது எப்படி: ஹூஸ்டனிலிருந்து மேற்கே கிளம்புவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மேற்கு டெக்சாஸில் பீக்கோஸ் ஊரைத் தாண்டி, யுஎஸ் 285 நெடுஞ்சாலையில் கார்ல்ஸ்பாட் பக்கமாக வடக்கே போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் எண்ணெய்க் கிணறுகள். முன்னால் மணல் ஏற்றிய ட்ரக்குகள் வரிசையாகப் போயின. ‘டக்’ என்று ஒரு சத்தம். அரை நிமிடத்தில் இன்னொன்று. “என்னங்க அது, நம்ம வண்டியா?” என்று மனைவி கேட்டார். அடுத்த பெட்ரோல் பங்கில் இறங்கிப் பார்த்தேன். பானட்டில் மூன்று இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து உலோகம் தெரிந்தது. பம்பரில் எண்ணியவரை பதினொரு புள்ளிகள். இடது ஹெட்லைட்டில் ஒரு நட்சத்திரக் கீறல். கார் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5. இங்கே எல்லோரும் மியாட்டா என்பார்கள். தாழ்வான, சின்ன, இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். இந்த வகைக் கார்களின் மூக்கு சாலைக்கு மிக அருகில் இருக்கிறது. முன்னால் போகும் டயர் கிளப்பும் கல், ஒரு எஸ்யூவிக்கு பம்பரின் அடியில் படும் என்றால், நமக்கு பானட்டிலும் ஹெட்லைட்டிலும் படும். அந்தப் பயணத்துக்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் தீவிரமாகவே படித்தேன், செய்து பார்த்தேன், சில இடங்களில் பணத்தையும் வீணாக்கினேன். தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் பெயிண்ட்டைக் காக்கும் ஒரு ஃபிலிம் ஒட்டிவிட்டு ‘வேலை முடிந்தது’ என்று கிளம்பிவிடுகிறார்கள். கல், மணல், பூச்சி, கான்கிரீட் என்று காரின் முகப்புக்கு நான்கு எதிரிகள். ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு இன்னொன்றுக்கு உதவாது. நான்கில் முக்கியமான கல்லுக்கோ, கடையில் வாங்கும் எந்தப் பொருளையும்விட ட்ரக்குக்கும் உங்களுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் பெரிய காப்பு.

படி 1: பாதையைப் படியுங்கள்

எந்த ஊர் என்பதைவிட, எந்தச் சாலை, எந்த மாதம் என்பதே உங்கள் காரின் முகப்பைத் தீர்மானிக்கும்.

மேற்கு டெக்சாஸில் பர்மியன் படுகை என்ற எண்ணெய் வயல் பகுதியைக் கடக்கும் சாலைகளில் மணல் ட்ரக்கும் சரளை ட்ரக்கும் அதிகம். அங்கே கல்தான் எதிரி. கோடையில் டெக்சாஸின் கிராமச் சாலைகளில் தார் தெளித்து அதன்மேல் பொடி ஜல்லி பரப்பும் வேலை நடக்கும். ‘லூஸ் கிராவல்’ பலகை வைத்திருப்பார்கள். அந்தப் புது ஜல்லியின் மேல் ஐந்து மைல் தூரம் வேகமாக ஓட்டினால், ஒரு வருடத்துக்கான அடி அன்றே கிடைத்துவிடும். டெக்சாஸ் போக்குவரத்துத் துறையின் டிரைவ்டெக்சாஸ் தளத்தில் சாலை வேலைகள் வரைபடமாகவே கிடைக்கும். கிளம்பும் காலையில் ஒரு முறை பாருங்கள்.

நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க் அருகே ஐ-10 நெடுஞ்சாலை ஒரு வறண்ட ஏரிப் படுகையைக் கடக்கிறது. காற்று அடிக்கும் வசந்த காலத்தில் அங்கே புழுதிப் புயல் வரும். அது பெயிண்ட்டில் புள்ளி வைக்காது. ஹெட்லைட்டையும் முன்கண்ணாடியையும் உப்புத்தாள் போலத் தேய்த்து மங்கலாக்கிவிடும். கொலராடோ மலைப்பாதையில் குளிர்காலம் என்றால் மெக்னீசியம் குளோரைடு கரைசலும், வழுக்காமல் இருக்கச் சாலையில் தூவும் மணலும் சேர்ந்து வேலையைக் காட்டும்.

கிழக்கே லூசியானா, ஃபுளோரிடா பக்கம் போனால் கல்லை மறந்துவிடுங்கள், பூச்சிதான். லவ்பக் என்று ஒரு கருப்புப் பூச்சி. ஆணும் பெண்ணும் ஒட்டியபடியே பறக்கும். நம் ஊரில் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்புவது போல, மே மாதத்திலும் செப்டம்பரிலும் கூட்டம் கூட்டமாக நெடுஞ்சாலைக்கு மேலே வரும். சூடும் வாகனப் புகையும் அவற்றை இழுக்கின்றன. இவை பகலில் பறப்பவை. அதனால் அந்த மாதங்களில் வளைகுடாக் கரையோரம் போக வேண்டியிருந்தால், விடியும் முன் அந்தப் பகுதியைத் தாண்டிவிடும்படி நேரம் வகுக்கலாம்.

படி 2: பெயிண்ட்டின் மேல் ஃபிலிம்

கார் பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் இந்தப் படியின் அவசியம் புரியும். பிரைமர், நிறம், மேலே தெளிவான கிளியர்கோட் எல்லாம் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிளியர்கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். பெயிண்ட் காப்பு ஃபிலிம், சுருக்கமாகப் பிபிஎஃப், சுமார் 200 மைக்ரான் தடிமன் கொண்ட யூரித்தேன் பிளாஸ்டிக். முழுப் பெயிண்ட்டையும்விடத் தடித்த, ரப்பர் போல நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும் ஒரு தோல். வியட்நாம் போர்க் காலத்தில் மணலும் கல்லும் ஹெலிகாப்டர் இறக்கைகளை அரிக்காமல் இருக்க 3எம் நிறுவனம் உருவாக்கியதிலிருந்து வந்த பொருள் இது.

இன்னொரு பொருளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். செராமிக் கோட்டிங் என்று விற்கிறார்களே, அது மிக மெல்லிய பூச்சு. தண்ணீர் ஓடும், அழுக்கு எளிதில் போகும், பூச்சிக் கறை சீக்கிரம் விடும். எனக்கு அது பிடிக்கும், ஃபிலிமின் மேலேயே போட்டிருக்கிறேன். ஆனால் கல்லைத் தடுக்காது. தடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு பரப்புக்கு ஒட்டுவது? கடைகளில் வழக்கமாக இரண்டு விதம் சொல்வார்கள். ஒன்று பகுதி முகப்பு: பம்பர் முழுவதும், பானட்டின் முன்பக்கம் ஓரடி முதல் ஒன்றரை அடி வரை, ஃபெண்டரின் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின்) முனை. இன்னொன்று முழு முகப்பு: பம்பர், பானட், இரண்டு ஃபெண்டர், பக்கக் கண்ணாடிகளின் பின்புறம், ஹெட்லைட். பகுதி முகப்பில் பானட்டின் நடுவே ஒரு கோடு தெரியும், நாளாக ஆக அந்தக் கோட்டில் அழுக்கு சேரும். என் முதல் மூன்று அடிகளில் இரண்டு பானட்டின் மேல்பாதியில், ஓட்டுநர் பக்கம் விழுந்தவை. பகுதி ஃபிலிம் இருந்திருந்தாலும் அவை தப்பியிருக்காது. ஆகவே நீண்ட பயணம் அடிக்கடி போகிறவர் என்றால் முழு முகப்புக்கே என் ஓட்டு. என் வட்டாரத்தில் விசாரித்தபோது முழு முகப்புக்கு 1,500 முதல் 2,500 டாலர் வரை கேட்டார்கள். பணம் இடிக்கிறது என்றால் பம்பர், ஹெட்லைட், கண்ணாடியின் பின்புறம் இவற்றை முதலில் செய்துவிட்டு, பானட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “ஃபிலிமைக் காரின் மேல் வைத்து வெட்டுவீர்களா, கணினியில் வெட்டிக் கொண்டுவருவீர்களா?” நான் முதலில் போன கடையில் காரின் மேலேயே கத்தியால் வெட்டினார்கள். பிற்பாடு ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, ஃபெண்டர் விளிம்பு நெடுக கிளியர்கோட்டில் கத்திக் கோடு ஓடியிருந்தது. காக்கப் போட்ட பொருளே காயம் செய்த மாதிரி. கை தேர்ந்தவர் காரின் மேல் வெட்டினாலும் சுத்தமாகச் செய்வார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கை யாருடையது என்று நமக்குத் தெரியாதே. உங்கள் மாடலுக்கென்று அளவெடுத்துக் கணினியில் வெட்டிய துண்டுகளையே கேளுங்கள். முடித்த கார் ஒன்றைக் காட்டச் சொல்லி, விளிம்புகளையும் ஹெட்லைட் ஓரங்களையும் குனிந்து பாருங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஏற்கெனவே உள்ள புள்ளிகளைச் சரிசெய்யுங்கள். ஃபிலிமுக்கு அடியில் போன புள்ளி அங்கேயே கிடக்கும். ஆனால் பம்பரையோ பானட்டையோ புதிதாக முழுப் பெயிண்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால், பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்ட்டும் கூடவே வரும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒட்டாதீர்கள். அடியில் தங்கிய நீர் ஆவியாகி, பசை முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஒரு மாதம் முன்னால் முடிப்பது நிம்மதி.

படி 3: ஃபிலிம் வேண்டாம் என்றால்

பழைய வழி ஒன்று உண்டு: கருப்பு வினைல் துணியாலான முகப்பு உறை. இங்கே ‘கார் பிரா’ என்பார்கள். கல்லுக்கு இது நல்ல தடுப்புதான், தடிமனும் உண்டு. ஆனால் உறைக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே ஒரு மணல்துகள் மாட்டினால், காற்றில் உறை படபடக்கும்போது நூறு மைல் தூரமும் அந்தத் துகள் பெயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டே வரும். மழையில் நனைந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் வெயில் பட்ட இடமும் படாத இடமும் வேறு நிறமாகிவிடும். பயன்படுத்துவீர்கள் என்றால் ஒழுங்காகப் பயன்படுத்துங்கள்: பெயிண்ட்டைக் கழுவி, காயவைத்து, மெழுகு போட்டு, இறுக்கமாக மாட்டுங்கள். நனைந்தால் அன்றே கழற்றிக் காயவையுங்கள். ஊர் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால், சுருளாக வரும் தற்காலிக ஃபிலிமோ, தெளித்தால் ரப்பர் தோல் போலக் காய்ந்து பிறகு உரிக்கும் திரவமோ போதும். பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் நீல மாஸ்கிங் டேப் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளுக்குச் சரி. டெக்சாஸ் வெயிலில் நான்கைந்து நாள் விட்டால் பசை பெயிண்ட்டில் சுட்டுப்போய் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: ரேடியேட்டருக்கு வலை

பெயிண்ட்டில் விழும் புள்ளி மனசுக்குக் கஷ்டம். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் விழும் ஓட்டையோ ஆகஸ்டு மாதப் பாலைவனத்தில் ஏசி இல்லாத பயணம். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார்களின் பம்பரில் பெரிய வாய் திறந்திருக்கும். அதற்குள் முதலில் நிற்பது ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். கையை நீட்டினால் கண்டென்சரைத் தொடும் அளவுக்குப் பல கார்களில் திறந்தே இருக்கும். போர்ஷே பாக்ஸ்டர், கேமன் போன்றவற்றில் எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் மூலைகளில்தான். அந்த மூலைக் குழிகளில் காய்ந்த இலை, குப்பை, கல்தூள் எல்லாம் போய்ச் சேரும். ஈரத்தோடு அங்கேயே கிடந்தால் அலுமினியத் தகடுகள் அரிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தக் குப்பையை வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

தீர்வு எளிது: துருப்பிடிக்காத எஃகு வலை அல்லது அலுமினிய வலை. உங்கள் மாடலுக்கென்றே வெட்டி வைத்தது கிடைத்தால் அதை வாங்குங்கள். நீங்களே செய்வதானால் கண் அளவு கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். கொசுவலை போல நெருக்கமாக வைத்தால் காற்று தடைபட்டு எஞ்சின் சூடேறும். மேலும் அந்தக் கண்களைப் பூச்சிகளே அடைத்துவிடும். வலை கண்டென்சரைத் தொடக் கூடாது, இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடம் வேண்டும். நான் கருப்பு அடித்து, கறுப்பு ஜிப் டையால் கிரில்லின் பின்பக்கம் கட்டினேன். மாட்டியபின் வெயில் நேரத்தில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, வெப்பமானியைக் கவனித்த பிறகுதான் நீண்ட பயணத்துக்குப் போனேன்.

கண்டென்சர் தகடுகள் ஏற்கெனவே மடிந்திருந்தால், அதற்கென்று ஒரு சீப்பு விற்கிறது, பத்து டாலருக்குள். மெதுவாகச் சீவி நிமிர்த்தலாம். பிரஷர் வாஷரை அருகே கொண்டு போகவே போகாதீர்கள். அதன் வேகத்திலேயே தகடுகள் படுத்துவிடும். தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் போதும்.

படி 5: ஹெட்லைட்டும் முன்கண்ணாடியும்

இன்றைய ஹெட்லைட் கண்ணாடியே கிடையாது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தடுக்கும் கெட்டிப் பூச்சு ஒன்று இருக்கும். மணல் அந்தப் பூச்சைத் தேய்த்தபின் விளக்கு மஞ்சளாகத் தொடங்கும். எல்இடி விளக்குகள் முழுத் தொகுதியாகத்தான் மாற்றவேண்டி வரும், விலையோ அதிகம். அதனால் செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் ஹெட்லைட் ஃபிலிம்தான் முதலிடம். சின்ன துண்டு, பொறுமை இருந்தால் வீட்டிலேயே ஒட்டிவிடலாம்.

முன்கண்ணாடியில் கல் பட்டால் நேரம் முக்கியம். உடனே அந்த இடத்தில் ஒரு தெளிவான செலோடேப் ஒட்டுங்கள், தூசியும் ஈரமும் உள்ளே போகாது. ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) நாணயத்தைவிடச் சின்ன அடி என்றால் பிசின் ஏற்றிச் சரிசெய்ய முடியும். அதுவரை சூடான கண்ணாடியில் ஏசிக் காற்றைத் திருப்பாதீர்கள், திடீர்க் குளிரில் கீறல் ஓடும். கீறல் பெரிதாகிக் கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால், புதுக் கார்களில் அதன் பின்னால் இருக்கும் கேமராவையும் மறுபடி அளவுபடுத்த வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது. கிளம்பும் முன் உங்கள் காப்பீட்டில் கண்ணாடிப் பழுதுக்கு நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்துவையுங்கள்.

படி 6: அடிப்பக்கமும் நம்பர் பிளேட்டும்

காரை ஜாக்கியில் தூக்கி, தாங்கு கட்டைகள் வைத்து, பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைப் பாருங்கள். கிளிப்புகள் ஒன்றிரண்டு விழுந்திருந்தால் 80 மைல் வேகக் காற்றில் அது கீழே தொங்கி, சாலையில் இழுபட்டுக் கிழியும். மாற்றுக் கிளிப்புகள் சில டாலர்தான். பம்பரின் கீழ் உதட்டுக்கு உரசல் தகடு என்று ஒன்று கிடைக்கிறது. உரசினால் அது தேயும், பம்பர் பிழைக்கும்.

டெக்சாஸில் முன்பக்க நம்பர் பிளேட் கட்டாயம். பம்பரில் துளை போட மனமில்லை என்றால், இழுவைக் கொக்கி மாட்டும் துளையில் திருகிப் பொருத்தும் தாங்கி கிடைக்கும். எப்படி மாட்டினாலும் பிளேட்டின் பின்னால் மெத்தென்ற ரப்பர் துண்டு ஒட்டுங்கள். தகட்டின் ஓரம் அதிர்ந்து அதிர்ந்து பெயிண்ட்டை அரைவட்டமாகத் தேய்ப்பதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன்.

படி 7: கிளம்பும் வாரம்

காரை நன்றாகக் கழுவி, முகப்புக்கு மட்டுமாவது மெழுகோ சீலன்ட்டோ இரண்டு தடவை போடுங்கள். பூச்சிச் சாறு முதலில் அந்த மெழுகைத்தான் தின்னும். முகப்பை நாலு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள், எது புது அடி, எது பழையது என்று பிறகு தெரியும்.

பெட்டியில் நான் கொண்டு போவது: ஆறு மைக்ரோஃபைபர் துணி, ஒரு தெளிப்பான் குப்பியில் தண்ணீர் ஊற்றாமலே துடைக்க உதவும் வாஷ் கரைசல், பூச்சி நீக்கும் வைப்பர் திரவம், செலோடேப், ஜிப் டை, உபரிக் கிளிப்புகள், டச்-அப் பெயிண்ட், ஓரடி நீளத்தில் இரண்டு மரப்பலகை. பலகை எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

படி 8: ஓட்டும் விதம்

இங்கேதான் எல்லாமே இருக்கிறது.

சாலையில் துள்ளும் கல்லின் வேகம் பெரும்பாலும் குறைவு. அடி பலமாக விழுவது உங்கள் வேகத்தால். அந்த அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 60 மைலில் படும் கல்லைவிட 75 மைலில் படும் அதே கல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றலோடு அடிக்கும். மேற்கு டெக்சாஸில் ஐ-10 சாலையில் 80 மைல் வரை சட்டமே அனுமதிக்கிறது, காரும் அதைத்தான் கேட்கும். ட்ரக் கூட்டம் இருக்கும் பகுதியில் மட்டுமாவது பத்து மைல் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது இடைவெளி. ட்ரக் டயர் கிளப்பிய கல் ஒன்றிரண்டு துள்ளலில் வேகம் இழந்து கீழே படுத்துவிடும். நீங்கள் போதிய தூரத்தில் இருந்தால் அது படுத்த பிறகே வந்து சேர்வீர்கள். நான் ஐந்து வினாடி விடுகிறேன். 75 மைல் வேகத்தில் அது சுமார் 550 அடி. முன்னால் போகும் ட்ரக் ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நடுவே வேறொரு கார் நுழையும், நுழையட்டும். மறுபடி பின்வாங்கி இடைவெளி விடுங்கள். எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் யுஎஸ் 285 சாலையில் இரண்டாம் முறை போனபோது இதை விடாமல் செய்தேன். ஃபிலிமிலும் சரி, கண்ணாடியிலும் சரி, ஒரு அடிகூட விழவில்லை.

ட்ரக்கை முந்தும்போது நெருங்கிப் போய் ஒதுங்காதீர்கள். தூரத்திலேயே அடுத்த தடத்துக்கு மாறிவிடுங்கள். பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் தயங்கி நிற்காமல் கடந்து, நன்றாகத் தள்ளிப்போய் உள்ளே வாருங்கள். ஜல்லி லாரியின் தார்ப்பாய் சரியாக மூடாமல் காற்றில் அடிப்பதைக் கண்டால் முந்தவும் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். அடுத்த பங்கில் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இருவழிச் சாலையில் எதிரே வரும் ட்ரக்தான் மோசம். இரண்டும் 75 மைலில் போனால், ட்ரக்கிலிருந்து அப்போதே விழும் கல் 150 மைல் வரை வேகத்தில் வருவதற்குச் சமம். கடக்கும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, உங்கள் தடத்துக்குள்ளேயே சற்று வலப்பக்கம் ஒதுங்குங்கள். ஓரத்துச் சரளையில் சக்கரம் இறங்கும் அளவுக்குப் போகாதீர்கள்.

புது ஜல்லிச் சாலையில் பலகை சொல்லும் வேகத்தை மதியுங்கள், 35 என்றால் 35. பின்னால் ஒருவர் நெருக்கினால் இடம் பார்த்து ஒதுங்கி அவரைப் போகவிட்டு, புழுதி அடங்கியபின் தொடருங்கள். நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் எட்டு மைல் பாதையில் முதல் ஐந்து மைல் தார், மீதி கெட்டித்த ஜிப்சம். அலை அலையாக இருக்கும். தாழ்வான கார் மெதுவாகப் போனால் போகும், நான் போயிருக்கிறேன். டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ராஸ் மேக்ஸ்வெல் சாலை முழுக்கத் தார், அற்புதமான வளைவுகள். அதே வட்டத்தை முடிக்க ஓல்ட் மேவரிக் மண்சாலையில் இறங்கும் ஆசை வரும். வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

புழுதிப் புயல் எழுந்தால் காரை மறந்து உயிரைப் பாருங்கள். சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நினைத்து வந்து மோதக் கூடாது.

மேற்கு டெக்சாஸின் டேவிஸ் மலைப் பக்கம் மாலை மங்கியதும் மான்கள் சாலைக்கு வரும். மானுக்கு எந்த ஃபிலிமும் தடுப்பில்லை. ஃபோர்ட் டேவிஸில் தங்குவதாக இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

படி 9: நிறுத்துவதும் ஏற்றுவதும்

பார்க்கிங்கில் இருக்கும் கான்கிரீட் கட்டை, காரின் உதட்டைவிட உயரமாக இருக்கக்கூடும். முன்னே ஏறும்போது லேசாக உரசும், அவ்வளவுதான். பின்னே எடுக்கும்போதுதான் உதடு கட்டையில் கொக்கி போட்டு, பம்பரையே பிடுங்கும். சில கட்டைகளில் தரையில் அடித்த கம்பி மேலே நீட்டிக்கொண்டு வேறு நிற்கும். ஒரே வழி: பின்பக்கமாக நிறுத்துங்கள். முடியாது என்றால் மூன்றடி முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

ஹோட்டல் வாசல் சரிவில் நேராக ஏறாமல் கோணலாக ஏறுங்கள், ஒரு முன்சக்கரம் முதலில் மேலே போகட்டும். சரிவு மிகச் செங்குத்து என்றால் அந்த மரப்பலகைகளைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு ஏறலாம். வண்டி பழுதாகி இழுத்துப் போக நேர்ந்தால் தட்டையான மேடை வைத்த ட்ரக்கைத்தான் கேட்க வேண்டும், ‘தாழ்வான கார்’ என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அதன் மேடையில் ஏற்றும்போதும் இதே பலகைகள் உதவும்.

படி 10: ஒவ்வொரு மாலையும் பூச்சி

லவ்பக் உடல் அடிபட்ட நேரத்தில் அவ்வளவு அமிலத்தன்மை கொண்டதில்லை, பிஎச் 6.5 அளவில் இருக்கும். ஒரு நாள் அப்படியே விட்டால் 4.25 வரை இறங்கிவிடும். வெயிலும் சேர்ந்தால் கிளியர்கோட்டில் குழி விழும். எனவே களைப்பாக இருந்தாலும் ஹோட்டல் அறைக்குப் போவதற்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பானட் சூடு ஆறட்டும். இரண்டு துணியை வாஷ் கரைசலில் சொட்டச் சொட்ட நனைத்து பம்பர் மேல் போர்த்திவிடுங்கள். பத்து நிமிடம். பெட்டிகளை அறையில் வைத்துவிட்டு வரச் சரியாக இருக்கும். ஊறிய பூச்சி தானே நழுவும், துணியால் ஒரே திசையில் மெதுவாக இழுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். துணியின் ஒரு பக்கம் அழுக்கானதும் மடித்து மறுபக்கம். பெட்ரோல் பங்கில் வைத்திருக்கும் கண்ணாடி துடைப்பானைப் பெயிண்ட்டில் வைக்காதீர்கள். அந்த வாளியில் நமக்கு முன் வந்த எல்லா ட்ரக்கின் மண்ணும் இருக்கிறது. துணி உலர்த்தியில் போடும் தாளால் தேய்த்தால் பூச்சி போகும் என்பார்கள், போகும்தான். மெல்லிய கீறலையும் விட்டுப்போகும்.

படி 11: வீடு திரும்பியபின்

முழுதாகக் கழுவி, ஒரு நல்ல டார்ச்சை ஓரமாகப் பிடித்து முகப்பைப் பாருங்கள். ஃபிலிமின் மேல் மெல்லிய கோடுகள் இருந்தால் வெயிலில் நிறுத்துங்கள், அல்லது வெந்நீர் ஊற்றுங்கள். நல்ல ஃபிலிம் சூட்டில் தானே ஆறும். ஃபிலிமைக் கிழித்து அடி உள்ளே போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

ஃபிலிம் இல்லாத இடத்தில் புள்ளி விழுந்திருந்தால் அந்த வாரமே மூடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், அதற்கு அவசரமில்லை. இரும்பு பானட்டில் துரு தொடங்கும். என் காரைப் போல அலுமினியம் என்றால் செந்துரு வராது, ஆனால் வெள்ளையாகப் பூத்து, சுற்றியுள்ள பெயிண்ட்டைத் தூக்கும்.

பெயிண்ட்டின் குறியீடு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் வாங்குங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் புள்ளியைத் துடையுங்கள். உலோகம் தெரிந்தால் ஒரு சொட்டு பிரைமர். குப்பியோடு வரும் பிரஷ் இதற்கு ரொம்பத் தடிமன், பல்குத்தும் குச்சியின் முனையால் குழிக்குள் மட்டும் நிறத்தைத் தொட்டு வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேடு கட்டும். மெல்லிதாக வைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, மறுபடி. மூன்று, நான்கு தடவையில் சமமாகும். மறுநாள் மேலே ஒரு துளி கிளியர்கோட். வாரம் கழித்து மெழுகு. மூன்றடி தள்ளி நின்றால் எங்கே அடி விழுந்தது என்று எனக்கே இப்போது தேட வேண்டியிருக்கிறது.